சாலு

கிளச் இல்லாத கார் என்று ஒன்று இருப்பதே என் வீட்டுக்காரருக்குக் கால் போன பிறகுதான் எனக்குத் தெரியும். செருப்பு கடித்த புண், சர்க்கரை, அவருடைய அலட்சியம் மூன்றும் சேர்ந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டன. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த புருஷோத்தமனை டைம் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் யாதகிரிதான் காலையில் அவரை ரிக்‌ஷாவில் ஏற்றுவார், சாயங்காலம் இறக்குவார்.

"மூட்டை மாதிரி ஏத்தி இறக்குறாங்க, கனகா. இதுக்கு முழுசாவே போயிருக்கலாம்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வரும். கட்டைக்கால் மாட்டி வீட்டுக்குள் நடந்தார். தெருவில் நடக்க முடியவில்லை.

அப்போதுதான் மலக்பேட்டில் ஒரு ஜாகீர்தார் வீட்டு ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த அமெரிக்க வண்டியைப் பற்றி யாரோ சொன்னார்கள். எங்கள் சமையலறையை விட நீளம். அதற்கு இடது காலே வேண்டாம். வலது கால் ஒன்று போதும், மிதித்தால் போகும், மிதித்தால் நிற்கும். எப்படியோ அதைப் பேசி முடித்து மெட்டுகுடாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் வாரம் தானே ஓட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். கேட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

இரண்டாம் மாதம் அந்தச் சனியன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எஞ்சின் உறுமும், வண்டி நகராது. கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்றார் இவர். ராணிகஞ்சில் ஒரு மெக்கானிக்கும் தொடவில்லை. "கிளச்சே இல்ல, இதுல நாங்க என்னத்தப் பாக்குறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி நின்றால் மறுபடியும் ரிக்‌ஷா, மறுபடியும் மூட்டை. அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்கெங்கோ அலைந்து அதற்கான சிவப்பு எண்ணெய் டின்களை வாங்கிவந்து, "நானே வீட்ல மாத்திக்கிறேன்" என்றார்.

எங்கள் ஒரே பெண் பாமா. காஞ்சன்பாக்கில் ஒரு சர்க்கார் ஃபாக்டரியில் டைப்பிஸ்ட். இருபத்துமூன்று வயசு. தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வராது. பதில் எல்லாம் இந்திதான். வீட்டுக்குள் நுழையும்போதே "அம்மா, ஃபேன் சாலு கரோ" என்பாள். போடு, ஓட விடு என்று அர்த்தம். அவள் ஃபாக்டரியில் ஃபேன், மெஷின், டெலிபோன் எல்லாமே சாலுதான். அவளிடம் மட்டும் இவர் பிடிவாதமாகத் தமிழில்தான் பேசுவார். "நீ எந்த பாஷைல வேணா பதில் சொல்லிக்கோ. நான் உங்கிட்ட வேற பாஷை பேசினா என் பேரை மாத்திக்கிறேன்" என்பார். அவள் "ஹவ் அப்பா" என்று ஆமாம் போட்டுச் சிரிப்பாள். ஒரு நாள்கூட அவர் அந்தப் பேச்சை மீறியதில்லை.

யாதகிரி நேர் எதிர். தெலுங்கைத் தவிர எதுவும் வராது, இவரும் அவரிடம் தெலுங்கில்தான் பேசுவார். காப்பி ஊற்றினால் டம்ளர் மேல் கையை வைத்து "சாலு வதினா, சாலு" என்று அண்ணி முறை வைத்துத் தடுப்பார். அந்த சாலுவுக்குப் போதும் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் எனக்கு இரண்டு சாலுவும் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். முன்சக்கரங்களைப் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. வண்டி பின்னால் சரியக் கூடாது என்று பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஆப்பு வைத்தார்கள். முன்னால் போகும் என்று யார் நினைத்தார்கள்?

"நக்கோ அப்பா, கிஸீ மெக்கானிக் கோ புலாவ்" என்று, வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று பாமா சொல்லிப் பார்த்தாள். மெக்கானிக்கா, நானிருக்கும்போதா என்று அவர் கட்டைக்காலைக் கழற்றி, செருப்போடு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். ரயில் பெட்டிக்கு அடியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவருக்கு இது எம்மாத்திரம்.

பழைய எண்ணெய் கறுப்பாக, தீய்ந்த வாடையோடு வடிந்தது. அடித்தட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். யாதகிரி பானெட்டைத் திறந்து புனல் வைத்துப் புது எண்ணெய் ஊற்றினார். பாமா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, அவர் சொன்னபடி லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தினாள். வண்டி குலுங்கிப் பிடித்தது. "புடிச்சிடுச்சு, கனகா" என்று அடியிலிருந்து எனக்குக் குரல் கொடுத்தார். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"எஞ்சினை ஆஃப் பண்ணும்மா. லீவர் ஓடுற கியர்லயே இருக்கட்டும், கீழ ராடை ஒரு தடவை பாத்துடறேன். நான் சொன்னதும் ஸ்டார்ட் பண்ணு."

கிளச் இல்லாத மற்ற வண்டிகள் கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாதாம். இதில் ஆகும். ஜாகீர்தார் வீட்டில் யாரோ ஒயரை மாற்றி முறுக்கியிருந்தார்கள். அது இவருக்குத் தெரியும். ஆயில் வேலை முடிந்ததும் அதையும் சரி பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தெரிந்துவைத்துக்கொண்டு நாளைக்கு நாளைக்கு என்பதே இவர் பிழைப்பு. காலையும் அப்படித்தான் விட்டார்.

பாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, சாவியில் கை வைத்துக் காத்திருந்தாள். யாதகிரி கடைசி டின்னைச் சாய்த்தார். எண்ணெய் அதிகமாகி எங்கோ வழிந்திருக்க வேண்டும்.

"சாலு" என்றார் அடியிலிருந்து.

யாதகிரி டின்னை நிமிர்த்தினார். பாமா சாவியைத் திருப்பினாள்.

நான் எழுந்திருப்பதற்குள் வண்டி கட்டையை விட்டு இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. பாமாதான் கத்தினாள். யாதகிரியும் வரிசை வீட்டு ஆண்களும் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். சிவப்பாக எதைப் பார்த்தாலும் அது எண்ணெய் என்றே நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. சுவரோரம் அந்தக் கால் மட்டும் செருப்போடு நின்றுகொண்டிருந்தது.

போலீஸ் விசாரிக்க வந்தபோது யாதகிரி முந்திக்கொண்டார். "கட்ட ஜாரிந்தி சார்" என்றார். கட்டை வழுக்கிவிட்டதாம். எஞ்சின் ஓடியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த மனுஷனை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் புருஷன் போய்விட்டான். பெண்ணையாவது காப்பாற்ற வேண்டும். அப்பா தன்னிடம்தான் சொன்னார் என்று அவள் நம்பிவிட்டால் போதும், எப்படியாவது பிழைத்துவிடுவாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அடுப்படியில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ரயிலேறிய பிறகு பாமா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா கிஸ்கோ போலே?"

யாரிடம் சொன்னார் என்று கேட்கிறாள்.

"உங்கிட்டதாண்டி. ஸ்டார்ட் பண்ணத்தான் சொன்னார். நீ சரியாத்தான் பண்ணே. கட்டைதான் சறுக்கிடுச்சு, என் காதால கேட்டேன்."

குரல் நடுங்காமல்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து ஒரு நாளும் இல்லாமல், எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

"எங்கிட்டன்னா தமிழ்லதாம்மா சொல்லியிருப்பார்."