பதினாறு நட்டும் ஒரு டிக் டிக்கும்

டிக். டிக். டிக்.

“கேக்குதா மாப்ள?” என்றார் மாமனார்.

சின்ன மாப்பிள்ளைக்கு நன்றாகவே கேட்டது.

பந்தயக் காரின் எட்டு சிலிண்டர் இன்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருக்க, மாமனார் பானெட்டுக்குள் தலையை நுழைத்திருந்தார். காலையில்தான் தீர்ப்பு சொல்லியிருந்தார். இந்த வண்டி சத்தமில்லாமல் ஓடினால் தன் மெக்கானிக் ஷெட் சின்னவருக்கு. டிக்கென்று ஒரு சத்தம் வந்தாலும் பெரியவருக்கு.

பெரியவர் என்றால் மூத்த மகளின் கணவர், சின்னவனின் சகலை. உதிரிபாகக் கடைக்காரர். ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு, ஷெட்டின் சுவர்களைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். வண்டி தூக்கும் லிஃப்டை எடுத்துவிட்டு அங்கே குடோன் போடுவது அவர் திட்டம். சின்னவனுக்கோ அந்த லிஃப்டுக்கு அடியில்தான் வாழ்க்கையே.

வேலை என்னவோ எளிதுதான். லிஃப்டர் என்பது இன்ஜினுக்குள் வால்வைத் தள்ளித் திறக்கும் கட்டைவிரல் அளவு குழல். உள்ளே எண்ணெயில் மிதக்கும் குட்டி பிஸ்டன். வால்வு முழுதாக மூடியிருக்கும்போது, லிஃப்டர் மேல் நிற்கும் புஷ் ராட் கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தபடி அதன் மேலுள்ள நட்டை முடுக்க வேண்டும். ஆட்டம் நின்றதும் அங்கிருந்து அரைச் சுற்று. குறைந்தால் டிக் டிக் என்று தட்டும். அளவு மிஞ்சினால் வால்வு மூடாது, வண்டியும் கிளம்பாது. பதினாறு நட்டையும் அவன் அப்படித்தான் வைத்திருந்தான். சகலை அவனுக்கு வைத்த பட்டப்பெயரே அரைச்சுத்து.

“என்ன அரைச்சுத்து, மாமா காதுக்குத் தப்புமா?” என்றார் சகலை.

“இன்னொரு அரை போடுங்க மாப்ள,” என்றார் மாமனார்.

போட்டான். டிக். டிக்.

“இன்னொரு அரை.”

“மாமா, இதுக்கு மேல போனா...”

“போடுங்கன்னா.”

இன்ஜின் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. அப்புறம் இன்னொரு அரை. சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுற்றியது. இன்ஜின் கப்சிப்.

டிக். டிக்.

மூவரும் இன்ஜினைப் பார்த்தார்கள்.

“பார்த்தீங்களா, நின்ன பிறகும் தட்டுது,” என்றார் மாமனார். “அவ்வளவு லூஸு. இன்னொரு அரை போடுங்க.”

சின்னவன் அப்போதுதான் மாமனாரின் தாடையைக் கவனித்தான். அது மேலே போனால் டிக். கீழே வந்தால் டிக்.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அவன் மனைவியும் அதைக் கவனித்துவிட்டாள். அவனை ஓரமாக இழுத்தாள்.

“என்னங்க, வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. அம்மாகிட்டயே அந்தப் பல் செட்டைச் சொந்தப் பல்லுன்னுதான் சொல்லி வச்சிருக்கார்.”

சொன்னால் மாமனார் மானம் போகும். சொல்லாவிட்டால் ஷெட் போகும்.

அவன் மாமனாரின் காதருகே குனிந்தான்.

“மாமா, ஆட்டம் எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். மேல் வரிசை. ஸ்டோர் ரூமுக்கு வாங்க. சகலை முன்னாடி கழட்ட வேணாம்.”

மாமனார் முகம் வெளுத்தது. அவன் பின்னால் நடந்தார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே, எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் கார்க்கைக் கத்தரிக்கும் சத்தம். பிறகு சின்னவனின் குரல்.

“வாயை மூடுங்க மாமா. இன்னும் நல்லா மூடுங்க.”

சகலை ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார்.

“கேட்டியாம்மா உன் புருஷன் பேச்சை? மாமாவையே வாயை மூடச் சொல்றான். தொலைஞ்சான்.”

கதவு திறந்தது. மாமனார் உதட்டை இறுக்கிக்கொண்டு, போஸ்டரில் நிற்கும் வேட்பாளர் மாதிரி வந்தார். சின்னவன் பதினாறு நட்டையும் தளர்த்தினான். ஒவ்வொரு வால்வாக மூடவைத்து, ஆட்டம் நிற்கும் இடம் கண்டு, அரைச் சுற்று. அதற்கு மேல் ஒரு இம்மிகூடப் போகவில்லை. யாரும் இன்னொரு அரை கேட்கவும் இல்லை.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமி, அடங்கி, சீராக முனகியது. மாமனார் தலையை உள்ளே விட்டார். நெடுநேரம் கேட்டார்.

டிக் இல்லை.

ஷெட் சாவியை இடுப்பிலிருந்து உருவினார். சகலை இரண்டு கையையும் நீட்டினார்.

“தாங்க மாமா. மரியாதை தெரியாதவங்ககிட்ட எல்லாம் இதைக் கொடுக்க முடியுமா?”

மாமனார் அவரைச் சுற்றிக்கொண்டு போய், சாவியைச் சின்னவன் கையில் வைத்து அழுத்தினார்.

“மாமா, என்ன இது? ஒரு வார்த்தையாவது சொல்லுங்க,” என்றார் சகலை.

“ம்ம்,” என்றார் மாமனார்.

“என்ன தப்பு பண்ணேன் நான்?”

“ம்ம்ம்.”

மனைவி கேரியரைத் திறக்கப் போனவள் அப்படியே நின்று, அவன் காதோரம் கேட்டாள்.

“ஏங்க, அப்பா எப்படிச் சாப்பிடுவார்? எவ்வளவு கார்க் வச்சீங்க உள்ளே?”

“ஆட்டம் நிக்கிற அளவுக்குத்தான் வச்சேன்,” என்றான் அவன். “உங்கப்பாதான் இன்னொரு அரை போடுங்கன்னார்.”