ஆணியில் இரண்டு வில்லைகள்

சனிக்கிழமை மதியம் பயிற்சிக்கு முன்னால் லமார் பெயர் பொறித்த பித்தளை வில்லைகளைச் சரிபார்த்தான். ஒன்று குறைந்தது.

"பாஸ்டர், பைபிளைத் தொலைச்சீங்கன்னா கடவுள் மன்னிச்சிருவாரு. வில்லையைத் தொலைச்சீங்கன்னா நான் மன்னிக்கமாட்டேன்" என்றான். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். விரலில் அது தட்டுப்பட்டதும் கையை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எரியும் வீட்டுக்குள் நுழைகிறவன் தன் வில்லையைக் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் அவன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். வில்லை பலகையில் இருக்கும்வரை ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவனை விட்டுவிட்டு யாரும் நகரக்கூடாது. நான் படையின் போதகன், நெருப்புக்குள் போகாதவன் என்பதால் பலகை என் பொறுப்பில் இருந்தது. எனக்கும் ஒரு வில்லை கொடுத்திருந்தார்கள். பதினாறு வருடங்களாகச் சாவிக்கொத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டரின் வில்லைக்கு மட்டும் இன்னும் மெருகு போகவில்லை என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆற்றோரத்தில் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு ஒன்று எரிந்தது. மர மில்லில் வேலை பார்க்கும் டுவைட் ஹென்ஸ்லி உள்ளே போய் ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிவந்து புல்லில் கிடத்தினான். குழந்தை பிழைக்கவில்லை. நான் அதன் தாயோடு மண்டியிட்டிருந்தேன். திரும்பிவந்தபோது பலகையில் டுவைட்டின் வில்லை மட்டும், கரி படிந்து, மிச்சம் இருந்தது. டுவைட் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறந்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொடுத்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் அந்தப் பலகையைப் பிடித்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

அன்று டுவைட் பயிற்சிக்கும் வரவில்லை. லமாரிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். டுவைட் வீட்டு வாசலிலேயே அவன் மனைவி நோரீன் நின்றிருந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க பாஸ்டர். நாலு நாளா அந்தப் புகைநாத்தம் பிடிச்ச கோட்டைக் கழட்டமாட்டேங்கிறாரு. துவைக்கக் குடுங்கன்னா முறைக்கிறாரு. காலையில மான் வேட்டைக்குப் போறேன்னு துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குள்ள போனவருதான்."

"மான் சீசன் முடிஞ்சு ஒரு மாசமாச்சேம்மா."

"எனக்குத் தெரியாதா பாஸ்டர்?" என்றாள். கொட்டகைப் பக்கம் கை காட்டினாள்.

கொட்டகைக்குள் டுவைட் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் துப்பாக்கி. நான் வில்லையை நீட்டினேன்.

"இதை விட்டுட்டுப் போயிட்ட, டுவைட்."

அவன் அதையே பார்த்தான். கை நீளவில்லை.

"வெளிய வந்தவன்தானே அதை எடுக்கணும்?" என்றான். "நீங்க போங்க பாஸ்டர். ஜெபம் ஏதாவது ஆரம்பிச்சீங்க, கெட்ட கோபம் வரும்."

ஜெபம் எனக்கும் வரவில்லை. எத்தனையோ சவப்பெட்டிகளுக்கு முன்னால் தடையில்லாமல் பேசிய வாய் அது.

"ஒரு கால்லதான் ஷூ இருந்துச்சு அவளுக்கு" என்றான் டுவைட். "இன்னொண்ணைத் தேடிக்கிட்டிருந்திருப்பா. அதுக்குத்தான் கட்டிலுக்கு அடியில போயிருக்கா. நான் முதல்ல அலமாரியைப் பாத்தேன் பாஸ்டர். அலமாரியை."

அவன் விரல் துப்பாக்கியின் விசைப்பக்கம் நகர்ந்தது. பிடுங்கலாம் என்று தோன்றியது. எனக்கு அறுபத்தேழு வயது, அவன் மரம் தூக்குகிறவன். கதவுநிலையில் சேணம் மாட்டும் ஆணி ஒன்று இருந்தது. அவன் வில்லையை அதில் மாட்டினேன். பிறகு சாவிக்கொத்தை எடுத்து என்னுடையதைக் கழற்றினேன். பழகாத கை, நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அதையும் பக்கத்திலேயே மாட்டிவிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"உள்ள வந்திருக்கேன்."

"கிறுக்குக் கிழவா, எந்திரிச்சுப் போ."

"நீ வராம நான் எப்படிப் போறது? நீங்கல்லாம் போட்ட சட்டம்தானே."

அவன் விரல் விசையின் அருகிலேயே இருந்தது. வெளியே நோரீன் அழுவது கேட்டது. திறந்த கதவு வழியாகக் காற்று வந்தது. கரி படிந்த வில்லையும் மெருகு போகாத வில்லையும் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. டுவைட் தலையைத் தூக்கி அவற்றைப் பார்த்தான்.