பத்தொன்பதாம் பக்கத்து மாடு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒரு லாரி ஓட்டுநர் சொன்னது. அதுவும் பாதிதான் சொன்னார். மீதியை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி என்னைத் தூங்கவிடாமல் — (வேண்டாம், தூக்கத்தை இழுக்க வேண்டாம். நன்றாகத்தான் தூங்குகிறேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'லாரிக்கு ஏறும் சாய்வுப் பலகையில் குளம்புகளின் சத்தம்…' அடித்துவிட்டேன். அந்தச் சத்தத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. மாடுகளை வதைக்காமல் லாரியில் கொண்டுபோவது எப்படி என்று ஓட்டுநர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு உண்டு. அதை எழுதியவன் நான். இருபத்துநான்கு பக்கம். ஒரு மாட்டையும் தொடாமல், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

2

ஓட்டுநருக்கு நத்தை என்று பட்டப்பெயர். இருபது வருடமாக மாடு ஏற்றும் லாரிதான் ஓட்டுகிறார். வளைவு வந்தால் மாடு சரியும் என்று வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவான். அப்பேர்ப்பட்டவர், என் கையேட்டை வைத்து நடத்தும் எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். சான்றிதழ் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குப் பிறகு மாடு ஏற்றக் கூடாதென்று உத்தரவு. மூன்றாவது தடவையும் போனால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள்.

"ஏங்க, ஏழாம் பக்கம். எந்த மாட்டை ஏத்தக் கூடாது?"

"நாலு காலையும் ஊனி நிக்க முடியாத மாட்டை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

"கன்னு போட நாள் நெருங்கின மாடு! எத்தனை தரம் சொல்றது? மண்டையில என்ன, களிமண்ணா?"

"பேசாம நீயே போய் பரீட்சை எழுதிடேன்."

"எழுதிட்டுப் போறேன். லாரியை யாரு ஓட்டுறது?"

* இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. "வீட்டுக்காரிதான் படிக்க வெச்சா" என்று மட்டும்தான் அவர் சொன்னார். வெங்காயம் என் சரக்கு.

3

மூன்றாவது தடவை எழுத்தில் தேறிவிட்டார். அடுத்தது செய்முறை. கொட்டகையில் பத்து மாடுகள் கட்டியிருக்கும். பயணத்துக்கு ஆகாதது எது என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு கூத்து என்னவென்றால், எல்லா ஊரிலும் அதே மாடுதான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வலது பின்னங்கால் நொண்டி. பயிற்சிக்கு வருகிறவர்கள் அதற்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். முன்னால் தேறியவன் பின்னால் வருகிறவனிடம், "சுட்டி மாட்டைக் காட்டிட்டு வந்துடு" என்று சொல்லிவிடுவான். தூரத்தில் நின்று கையை நீட்டினால் பாஸ்.

நத்தைக்கும் சொல்லியிருந்தார்கள். இருந்தும் அவர் குனிந்தார். குளம்புக்கு மேலே கையை வைத்தார், கொதித்தது. மாடு காலை இழுத்துக்கொண்டது, உதைக்கவில்லை. "உதைக்கிற தெம்புகூட இல்லீங்க அதுக்கு" என்றார் என்னிடம்.

தேர்வு அதிகாரி ஒரு கால்நடை மருத்துவர், பெண். "இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் தொட்டுப் பார்த்தீங்க" என்று சொல்லிச் சான்றிதழில் முத்திரை குத்தினார். நத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி போட்ட சத்தம் கொட்டகைக்கே கேட்டது.

இங்கேயே முடித்தால் நல்ல கதை. கையேட்டின் பின்னட்டையில்கூடப் போடலாம்.

4

முடிக்க முடியவில்லை. அவர் போனை வைப்பதற்குள் அதிகாரி கூப்பிட்டார். டீச்சரைக் கொண்டுவந்த லாரி பழுது. நாளைக் காலை அடுத்த ஊரில் தேர்வு, இருநூறு கிலோமீட்டர். பத்து மாட்டையும் இவர்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு படிவத்தை நீட்டினார். 'பத்து மாடுகளையும் பரிசோதித்தேன். அனைத்தும் பயணத்துக்குத் தகுதியானவை.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மேடம், இதை ஏத்தக் கூடாதுன்னு சொன்னதுக்குத்தானே இப்ப பாஸ் போட்டீங்க?"

"அது பரீட்சைக்கு."

"கால் அதே கால்தானே மேடம்?"

அதிகாரி (இவரை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன், எனக்கு வசதியாக இருந்தது, அவருக்கு நியாயமாக இல்லை) படிவத்தையும் பேனாவையும் நத்தையின் கையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதா? இதை நிறுத்தச் சொல்லி மூணு தரம் மேல எழுதிட்டேன். கையேட்ல இருக்கு, மாத்த முடியாதுங்கறாங்க. நொண்டுற மாடு இல்லைன்னா தேர்வே செல்லாதாம். முதல் ஓட்டமும் தேர்வுல சேர்த்தி. நீங்க மாட்டேன்னா சான்றிதழை நான் திருப்பி வாங்கிக்கணும்."

ஆமாம், கையேட்டில் இருக்கிறது. பத்தொன்பதாம் பக்கம். 'செய்முறைத் தேர்வில் நொண்டும் மாடு ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும்.' நான் எழுதிய வரி. வெறும் படத்தைக் காட்டி ஒப்பேற்றிவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் எழுதினேன். அந்த மாடு அங்கே எப்படி வந்து சேரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் —

யோசிக்கவில்லை.

5

முடிவு அ: அவர் படிவத்தைக் கிழித்து எறிகிறார். (கிழிக்கிற ஆளா அவர்? அடித்துவிடுகிறேன்.) "என்னால ஆகாது மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். பாஸ் ஆன சேதியை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு மனைவி வாசலில் நிற்கிறாள். டீச்சரை வேறொருவன் ஏற்றுகிறான், வளைவில் வேகத்தைக் குறைக்காதவன்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறார். வைக்கோலை அதிகமாகப் பரப்பி, டீச்சரைத் தனியாகத் தடுத்துக் கட்டி, ஆறு மணி நேரம் ஊர்ந்து போகிறார். அடுத்த ஊரில் பின்கதவைத் திறக்கும்போது —

இந்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

கையேட்டின் இரண்டாம் பதிப்புக்காக ஓட்டுநர்களைச் சந்தித்தபோதுதான் அவர் இதைச் சொன்னார், படிவம் கைக்கு வந்த இடம் வரை. "அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"புத்தகம் எழுதினவர் நீங்கதானே சார்?" என்றார், கோபமே இல்லாமல். "நீங்களே எழுதுங்க."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பத்தொன்பதாம் பக்கத்து வரியை எடுத்துவிட்டேன். ஆனால் புதிய பதிப்புக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. அதுவரை பழைய கையேடுதான், அதே மாடுதான்.

ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். பேனா அவர் கையில் இருக்கிறது, லாரியின் பின்கதவு திறந்திருக்கிறது. நிதானமாக யோசியுங்கள். நீங்கள் ஒரு முடிவுக்கு வருகிறவரை டீச்சர் சாய்வுப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கும், மூன்று காலில்.