தூசிக்குப் போன தண்ணீர்

நவம்பர் 14, வியாழன்

மாலை வகுப்பில் நான் செய்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். நாட்டின் வரைபடத்தில் ஏற்றுமதியால் வளர்ந்த பகுதிகளுக்குப் பச்சை, வளராதவற்றுக்குப் பழுப்பு அடிக்கச் சொன்னார்கள். அம்மா பிறந்த ஹுவாங்கவெலிக்கா மலைக்குப் பழுப்பு அடித்தேன். ஏற்றுமதித் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் இக்கா மாகாணம் முழுவதற்கும் பச்சை. ஆசிரியர் சரி போட்டார். நாங்கள் குடியிருக்கும் மணல்மேடும் இக்காவில்தான் இருக்கிறது என்பது எனக்கே தோன்றவில்லை.

இங்கே குழாய் கிடையாது. வியாழன்தோறும் நகராட்சி லாரி வந்து டிரம்களை நிரப்பும். ஹாரன் கேட்டதுமே மூடியைத் திறந்து ரோட்டோரம் நிற்போம். தாமதித்தால் லாரி அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

இன்றும் அப்படித்தான் திறந்துவைத்தோம். லாரி நிற்கவில்லை. பின்பக்கக் குழாயால் ரோட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வந்தது. எங்கள் டிரம்மின் அடியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரிலும் சேறு தெறித்தது.

பக்கத்து வீட்டு சதுர்னினா அக்கா லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "ஏய் எஃப்ராயின்! ரோட்டுக்கா தாகம் எடுக்குது?"

ஓட்டுநர் தலையை நீட்டினான். "என்னத் திட்டாதக்கா. தோட்டத்துக்காரங்க லாரிய இன்னிக்கு வாடகைக்கு எடுத்துட்டாங்க. நாளைக்கு திராட்சை வாங்குற வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்களாம். திராட்சை மேல தூசி படக் கூடாதாம்."

"எங்க புள்ளைங்க மேல படலாமா? அதுங்களையும் பெட்டியில அடுக்கிக் கப்பல்ல ஏத்திடவா?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை வரும் அந்த ஆட்கள் தொழிலாளர்களிடம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல, தோட்டத்தில் திராட்சைப் பெட்டி அடுக்கும் பெண்களில் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் தோட்டத்து இன்ஜினியர் வில்பர். "நீ படிக்கிற பொண்ணு, நெலிதா. தண்ணி வாராவாரம் வருதுன்னு சொல்லு, போதும். அடுத்த சீசன்ல தரம் பாக்குற வேலைக்கு மாத்திடறேன்." தலையாட்டியிருந்தேன். அப்போது அது பொய்கூட இல்லை.

லாரிக்குப் பின்னாலேயே அவருடைய வண்டி வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்: "இன்ஜினியர், எங்களுக்கு இந்த வாரம் தண்ணி இல்ல."

"ஒரு வாரந்தானே, அனுசரிச்சுக்கங்க. தோட்டம் வரலைன்னா இந்த ஊர்ல என்ன இருந்திருக்கும், சொல்லு?"

"தண்ணி இருந்திருக்கும்," என்றாள் அக்கா.

அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தோட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகுதான் பள்ளத்தில் இருந்த அக்காவின் கிணறு வற்றியது. அந்தத் தண்ணீர் திராட்சைக்குள் புகுந்து கப்பலேறிப் போகிறது. லாரியில் வரும் கொஞ்சத்தையும் இன்று ரோட்டில் ஊற்றிவிட்டார்கள், வருகிறவர்கள் பார்க்கும் திராட்சையில் தூசி படாமல் இருக்க.

நான் நியாயமாகத்தான் எழுதுகிறேனா என்று நிறுத்தி யோசித்தேன். அந்தத் தோட்டத்துக் கூலியில்தான் சாப்பிடுகிறோம். இந்த நோட்டும் அதில் வாங்கியதுதான். தோட்டம் இல்லையென்றால் அம்மா மலையிலிருந்து இறங்கியே இருக்க மாட்டாள். எல்லாம் உண்மை. அதற்காக எங்கள் டிரம்மில் சேற்றை அடித்துவிட்டு, தண்ணீர் வருகிறது என்று என் வாயாலேயே சொல்லச் சொல்வதா? அம்மா அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பார்த்தாள். மறுபடி வடிகட்டினாள். வாயில் வைக்க முடியவில்லை.

தரம் பார்க்கும் வேலை இனிக் கிடைக்காது. இருக்கிற வேலையும் போகலாம்.

நாளை: சீக்கிரம் எழ வேண்டும். டிரம்மைக் கழுவக் கூடாது. அதைத் தொழிலாளர் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். நானும் சதுர்னினா அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு தோட்டம் வரை நடக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் மூடியைத் திறந்து காட்ட வேண்டும்.