பூ கேட்டுவிட்டு வரும் வழி

கிருபாசங்கரும் மோகனப்பிரியாவும் பேக்கரி வைப்பதென்று முடிவு செய்து இரண்டு மாதமாகிவிட்டது. எங்கே வைப்பது என்பதுதான் முடிவாகவில்லை. கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கல்லூரிக்கு எதிரே கடை ஒன்று காலியாக இருந்தது. கருமத்தம்பட்டியில் தறிக்காரர்கள் டீ குடிக்கக் கூடும் முக்கில் இன்னொன்று. இரண்டும் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை.

"நீ சொல்லு அம்மணி" என்பான் அவன்.

"நீங்களே சொல்லுங்க" என்பாள் அவள்.

வியாபாரம் படுத்தால், கடையைச் சொன்னவர் தலையில்தான் பழி விடியும் என்று இருவருக்கும் தெரியும்.

அன்று விடிந்ததும் ரியாஸ் போன் செய்தான். பன், பப்ஸ் போடுவதில் கைதேர்ந்த மாஸ்டர். இவர்களை நம்பிப் பழைய வேலையை விட்டவன்.

"திருப்பூர்ல ஒரு பேக்கரியில கூப்புடறாங்கக்கா. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள கடை எதுன்னு சொல்லீருங்க. இல்லீன்னா நான் அங்க போயிருவேன்."

ரியாஸ் போனால் பேக்கரியும் போயிற்று. கிருபாசங்கருக்குத் தின்னத்தான் தெரியும். மோகனப்பிரியாவுக்கு விற்கத்தான் தெரியும்.

ஆகவே வெள்ளகோவில் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார்கள். பூசாரி வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்.

"வெள்ளை எதுக்கு, செகப்பு எதுக்குன்னு மனசுக்குள்ள நெனைச்சுக்குங்க. வாய் உட்டுச் சொல்லப்படாது."

பொங்கல் வைக்க வந்த யாரோ ஒரு வீட்டுச் சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காங்கயம் தாண்டும்வரை காரில் பேச்சில்லை. அதற்குமேல் மோகனப்பிரியாவால் அடக்க முடியவில்லை.

"எனக்கு மொதல்லிருந்தே அதுதானுங்க மனசுல."

"எனக்கு மட்டும் என்ன? ஓனரு மொகத்தைப் பாத்தப்பவே நெனைச்சுப்போட்டேன்."

"கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லீங்க."

"சாயங்காலம் ஆச்சுன்னா கேக்கவே வேண்டாம்."

"அந்த இன்னொண்ணு இருக்குதுங்களே. என்னத்தைக் கண்டு போய்ப் பாத்தோம்?"

"அட, அதெல்லாம் ஒரு கடையா!"

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இப்படி ஒத்துப்போனதே இல்லை. பல்லடத்தில் அவள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாக அவன் வாயில் கொடுத்தாள்.

காரணம்பேட்டைப் பிரிவில் அவன் வலது இண்டிகேட்டரைப் போட்டான்.

"ஏனுங்க, நேராப் போகோணும்."

"நேராப் போனா சூலூரு. கருமத்தம்பட்டிக்கு இப்படித்தான் திரும்போணும்."

"கருமத்தம்பட்டிக்கு எதுக்குங்க?"

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். வெள்ளை என்றால் பீளமேடு என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளை என்றால் கருமத்தம்பட்டி என்று அவன். வாய் விட்டுச் சொல்லக் கூடாது என்ற பேச்சை இருவரும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார்கள்.

"திரும்பப் போய்க் கேட்டா என்னங்க?"

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கோணும். அம்மனென்ன ஹெல்ப்லைனா?"

"அப்பப் பீளமேடுதான். கருமத்தம்பட்டியில தறிச் சத்தத்துல பன்னு கேட்டாப் பப்ஸுன்னு காதுல உழுகும்."

"பீளமேட்டுல வண்டி நிறுத்த எடமில்ல. பசங்க நாலு பேரு ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு மத்தியானம் பூராவும் உக்காந்திருப்பானுங்க. காலையில கெளம்பறப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னவ நீ."

"நானா? என்னைக்குங்க சொன்னேன்? நீங்கதான் ரெண்டு பக்கமும் தலையாட்டினீங்க."

சாட்சிக்கு ரியாஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. நான் எந்தக் கடையைச் சொல்லீட்டிருந்தேன்?"

"நெசத்தைச் சொல்லட்டுங்களாக்கா? நேத்து நீங்க கருமத்தம்பட்டித் தண்ணிக்குப் பன்னு பொதுபொதுன்னு வரும்னீங்க. அண்ணா பீளமேட்டுப் பசங்க பசிக்குப் பப்ஸ் போட்டு மாளாதுன்னாரு."

"நானா?" என்றார்கள் இருவரும்.

"முந்தாநேத்து அப்படியே மாத்திச் சொன்னீங்க. எனக்கு மத்தியானம் ஆகப்போகுதுங்ணா."

போனை வைத்ததும் கிருபாசங்கர் சொன்னான்: "மாஸ்டர் கொழம்பிட்டாரு."

மோகனப்பிரியா யோசித்தாள். தண்ணீரைப் பற்றியும் பன்னைப் பற்றியும் அப்படிச் சொன்னதாக அவளுக்குத் துளி ஞாபகமில்லை. ஆனால் 'பொதுபொதுன்னு' என்பது அவளுடைய சொல். ரியாஸ் வாயில் அது தானாக வராது. அப்படியானால் நேற்றைய மோகனப்பிரியாவை ஓர் அரளிப்பூ சுத்தமாகத் துடைத்துவிட்டது. கருமத்தம்பட்டியை அவளுக்கு எப்படிப் பிடித்திருந்தது? இப்போது கூப்பிட்டுப் பார்த்தாலும் அந்த ஞாபகம் வர மறுத்தது.

அவன் ஸ்டீரிங் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி அவனை அசைக்கக் கிரேன் வேண்டும். கடையா, மாஸ்டரா? கடை எதுவானாலும் மாஸ்டர் வேண்டும். அவள் கருமத்தம்பட்டிக் கடைக்காரர் அழகிரிசாமியைப் போனில் அழைத்தாள்.

"கடை எங்களுக்குத்தானுங்க. இப்பவே வாரோம்."

"நெறையப் பக்கம் பாத்தீங்களாமா?"

"பாத்தோமுங்க. உங்க ஊருத் தண்ணி எங்கீங்க கெடைக்குது? பன்னு பொதுபொதுன்னு வருமுங்க."

சொல்லி முடிக்கையில் அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. அடுத்து ரியாஸுக்குச் சொன்னாள். கார் வலது பக்கம் திரும்பியது. சோமனூர் வருவதற்குள், தறிச் சத்தமும் இல்லாவிட்டால் கடை வெறிச்சென்று இருக்கும் என்றாள். கிருபாசங்கர் திரும்பிப் பார்த்தான். ஜெயித்தவன் எதற்குப் பேச வேண்டும்?

தை பிறந்ததும் கடை திறந்தார்கள். அழகிரிசாமியின் மனைவி பங்காரம்மா முதல் பன்னை வாங்கிப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஏனம்மிணி, கோயமுத்தூரை உட்டுப்போட்டு இந்த ஊரை எப்படிப் புடிச்சீங்க?"

"பூ கேட்டமுங்க. வெள்ளைன்னா இந்த ஊருன்னு நெனைச்சேன். அம்மன் வெள்ளையே குடுத்துருச்சுங்க."

கல்லாவில் இருந்த கிருபாசங்கர் நிமிர்ந்தான். "அம்மணி, அது நான் நெனைச்சது."

"நீங்க பீளமேடுன்னு ஒரே முட்டா நின்னீங்க. காரணம்பேட்டையில வண்டியைத் திருப்பச் சொன்னதே நாந்தானுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிருபாசங்கர் ரியாஸைப் பார்த்தான். ரியாஸ் ஓவன் கதவைத் திறந்து, வேகாத பன்னை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.