வண்டிக்கு ஏழு, வழிக்கு மூணு

அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆன பிறகு, வீட்டுக்கு ஒரு கார் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. வாடகை வண்டிக்காரர்கள் அவருடைய மடக்குச் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் பார்த்தும் பார்க்காத மாதிரி அப்படியே போய்விட்டார்கள். நாற்காலியை வைக்கப் பெரிய டிக்கி வேண்டும், புதுசு வாங்கக் கையில் தெம்பு இல்லை. ஆகவே ஒரு பழைய செடான் பார்ப்பது என்று முடிவானது.

தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவன் வேலை. மற்ற நேரமெல்லாம் கார் வீடியோதான். எந்த வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், எதில் என்ன தொடுதிரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்ற பெருமை வேறு.

அக்கா வீடியோ பார்க்கிற ரகம் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறை மொத்தமும் அவள் பொறுப்பில் இருந்தது. நோயாளிக்கு நோயாளி பத்தியம் மாறும், ஆனால் யார் தட்டும் மாறாது. இருவரும் சேர்த்து வைத்த பணத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது அவள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

"பத்துல ஏழு பங்குதான் வண்டிக்கு. மீதி மூணு வழிக்கு. அதை இப்போ தொடக் கூடாது."

"ஏழு பங்குக்குத் தகர டப்பாதான்க்கா கிடைக்கும்."

"அந்தத் தகரத்தை ஓட வைக்கத்தான்டா மூணு பங்கு. நூறு கிலோ தக்காளி வாங்கும்போதே இவ்வளவு அழுகும்னு நான் கழிச்சுட்டுதான் கணக்குப் போடுவேன். அழுகவே அழுகாதுன்னு நெனச்சு வாங்கினா சாயங்காலம் ரசத்துக்கு எங்கே போறது?"

அவன் சரி என்று தலையாட்டினான். ஆனால் மனசு தலையாட்டவில்லை. மறுநாளே அவளைப் பழைய கார் விற்கிற கடை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே வெள்ளி நிறத்தில் ஒரு கார், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. கை அகலத்துக்குத் திரை, தோல் சீட், வாசனை வேறு. விலை பத்துக்குப் பத்து பங்கையும் விழுங்கும். தம்பி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். அக்கா டிக்கியைத் திறந்து, கொண்டு வந்திருந்த நாற்காலியை மடக்கி வைத்துப் பார்த்தாள். அதை வெளியே எடுக்கும்போது அடியில் இருந்த விரிப்பையும் கொஞ்சம் தூக்கி மோந்தாள். பிறகு பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தாள். வெளியே தெரிகிற பகுதி புத்தம் புதுசாக இருந்தது. எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கிற பகுதியில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது.

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டு, நன்றி சொல்லி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனைக்கு வந்ததும் தம்பி, எப்படித் தெரிந்தது என்று கேட்டான். வெள்ளத்தில் நின்ற வண்டியில் எல்லாவற்றையும் கழுவுவார்கள், பெல்ட்டின் வாலை மட்டும் மறந்துவிடுவார்கள் என்றாள். சமையலறையில் அண்டாவைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கிற மாதிரிதானாம். அவனுக்கு அவமானமாக இல்லை. பத்துப் பங்கும் தண்ணீரில் போகாமல் தப்பியதே என்ற நிம்மதிதான் வந்தது.

இரண்டாவது வண்டி, பணி ஓய்வு பெற்ற ஒரு தட்டச்சர் அம்மாளுடையது. கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கரும்பச்சை நிறம். பம்பரில் கீறல், பின் கதவு ஒன்றில் கண்ணாடி பாதியோடு நின்றுவிடும். அந்த அம்மாள் தன் வண்டியைப் பற்றித் தானே கோள் சொன்னார். ஏ.சி. மனசு வைத்தால்தான் குளிரும், மழையில் வைப்பர் முனகும், பிரேக் முன்பு போல் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இப்படி வாங்க வந்தவர்களைத் துரத்துகிறாரே என்று தம்பி நெளிந்தான். அக்காவோ அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு குறைக்கும் எப்போதிருந்து என்று விசாரித்தாள். கடைசியில், ஏழு பங்குக்குள் அடங்கிய விலையில் கொஞ்சம்கூடப் பேரம் பேசவில்லை. ஒரு மெக்கானிக் பார்த்துச் சரி என்றால் வாங்கிக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக்கை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த பெயர். இப்போது காருக்கு அடியில் நுழைய வேண்டுமானால் காரை ஒரு முழம் கூடுதலாகத் தூக்க வேண்டும். அவர் என்ஜினை ஓட விட்டுக் கண்ணை மூடிக் கேட்டார், அடியில் புகுந்தார், டயரை நகத்தால் கீறினார். என்ஜின் நல்ல வளர்ப்பு என்றார். டைமிங் பெல்ட், பிரேக், முன் டயர் இரண்டும் உடனே மாற்ற வேண்டும். கிளட்ச் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் அதற்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்தது. நிறுத்துவதும் ஓடுவதும் முதலில், உட்காருகிறவர் சுகம் அடுத்து, கண்ணுக்கு அழகு கடைசியில் என்று அக்கா வரிசை வைத்தாள். பிரேக்கும் டயரும் டைமிங் பெல்ட்டும் மூன்று பங்கில் ஒரு பங்கைக் கொண்டுபோயின. அடுத்து அப்பாவின் சீட். சீட் தைக்கிறவரிடம் அப்பாவையே கூட்டிப்போய், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று உட்கார வைத்துப் பார்த்து, முன் சீட்டை உயர்த்தச் சொன்னாள். கதவுக்கு மேலே பிடித்து எழ ஒரு கைப்பிடியும் வந்தது. முதல் தடவை யார் தோளையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்த அப்பா, உடனே இறங்கி, சும்மாவே இன்னொரு தடவை ஏறினார்.

தம்பி திரை ஒன்று விலை விசாரித்து வைத்திருந்தான். மீதிப் பணத்தில் தாராளமாக வாங்கலாம். கொஞ்ச நாள் பொறு, வண்டி இன்னும் நம்மிடம் வாயைத் திறக்கவில்லை என்றாள் அக்கா.

வண்டி வாயைத் திறந்தது ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில். அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. தம்பிதான் ஓட்டினான், அக்கா பின் சீட்டில் இருந்தாள். சிக்னலில் நின்று கிளம்பப் பார்த்தபோது கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழ மறுத்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. வீடியோவில் பார்த்ததெல்லாம் அவன் மூளையை விட்டுப் பறந்துவிட்டது. வண்டியைத் தள்ள ஆள் கூப்பிட வேண்டும், அப்பாவை வெயிலில் எங்கே இறக்குவது என்று பதறினான்.

அக்கா பின் சீட்டிலிருந்து இறங்கி அவன் பக்கம் வந்தாள். குனிந்து மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"கேபிள் அறுந்திருக்கு. இறங்கு. பின்னாடி போய் உக்காரு."

"நீ ஓட்டப் போறியா?"

"ஒல்லி பட்டறை பக்கம்தானே. போயிடலாம்."

அவள் என்ஜினை அணைத்தாள், கியரை ஒன்றில் போட்டாள், சாவியைத் திருப்பினாள். வண்டி முயல் மாதிரி ஒரு தாவு தாவி, குலுங்கி, பிறகு சமாதானமாகி நகர்ந்தது. வேகம் கூடியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்து, என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, இரண்டு விரலால் கியரை இரண்டுக்குத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி விழுந்தது. அதன்பிறகு அவள் கியரைத் தொடவே இல்லை. தூரத்தில் சிவப்பு தெரிந்தால் அங்கிருந்தே ஊர்ந்து, பச்சை விழும்போது போய்ச் சேருகிற மாதிரி வந்தாள். ஓரிடத்தில் மட்டும் நிற்க வேண்டி வந்தது. அணைத்து, திரும்ப ஒன்றில் போட்டு, அதே முயல் தாவலோடு கிளம்பினாள். தம்பி பின்னால் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையை அவன் பார்த்ததே இல்லை போலிருந்தது.

பட்டறை வாசலில் வண்டி நின்றபோது ஒல்லி வெளியே வந்து, கிளட்ச் இல்லாமலா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, யார் ஓட்டியது என்று தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைக் கைகாட்டினான். கேபிளோடு தேய்ந்த பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்றார் ஒல்லி. மூன்று பங்கில் மீதி இருந்ததில் பெரும்பகுதி அதற்குச் சரியாகிவிடும். அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். திரை என்ன ஆகும் என்று அவன் கேட்பான் என நினைத்திருப்பாள்.

"பிளேட்டை நல்லதாவே போடச் சொல்லுக்கா," என்றான் அவன்.

வேலை முடியும் வரை மூவரும் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். எங்கே கற்றாய் என்று தம்பி கேட்டான். ஆஸ்பத்திரி வேலையின் ஆரம்பத்தில் சாப்பாட்டு வேன் ஓட்டினேன், அந்த வேனில் கிளட்ச் இருந்த நாள் குறைவு என்றாள். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், இதையெல்லாம் ஒரு கதை என்று சொல்லிக்கொண்டு திரிவார்களா என்று தேநீரை ஊதினாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"கதைதான். ஒரு தடவை நானும் அந்த வேன்ல போனேன். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பா. வழி முழுக்கக் கயிறை நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். சாம்பார் ஒரு சொட்டு சிந்தலை."

"அப்பா, சும்மா இருங்க."

"அவ சொல்ல மாட்டா, நீங்க சொல்லுங்கப்பா," என்று தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.