நான்கு ஜோடி அட்டைக் காலுறை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவள் நான். ஹஃபீஸா இல்லை, தங்கராஜு இல்லை, பல் கிளினிக்கில் வேலை செய்யும் தேவிஸ்ரீ சத்தியமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுங்கை ரம்பாய் ஆற்றோரத்தில் கொக்கையும் மீன்கொத்தியையும் படம் பிடித்துவிட்டு, ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேர் நாங்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கொக்கையே பிடிச்சிக்கிட்டு இருக்கிறது? எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போவோம். அப்படியே தாமான் நெகாராவுக்கும் போவோம்" என்று கிளப்பிவிட்டவள் இந்த இருசம்மாள்தான்.

எனக்கு அறுபத்தொரு வயது. ஜாசினில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் ஃபைல் கட்டும் கிராணியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கேட்கவும் ஆளில்லை. பெம்பானில் ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். வேலையை விட்ட மாதம் எனக்கு நானே ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கேமராவால் வந்து சேர்ந்தவர்கள்தான் இந்த மூன்று பேரும்.

நான் தனியாகப் போகப் பயப்படுகிறவள் இல்லை. பேங்க், ஆஸ்பத்திரி, கண் ஆப்பரேஷன், எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் போய் வந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பயணத்துக்கு மட்டும் கூட ஆள் வேண்டும் என்று மனசு கேட்டது. காட்டில் மிருகங்கள் உப்பு மண் நக்க வரும் இடத்தில் மரத்தால் ஒரு குடில் கட்டியிருப்பார்கள், பும்புன் என்பார்கள். அதில் உட்கார்ந்திருக்கிறோம். மூக்கு நீண்ட பன்றி மாதிரி ஒரு தாப்பிர் வந்து நிற்கிறது, கறுப்பு உடம்புக்கு நடுவில் வெள்ளை வேட்டி சுற்றியது மாதிரி. நான் படம் எடுக்கிறேன். எடுத்த கையோடு கேமராவைத் திருப்பி, 'இங்க பாரேன்!' என்று காட்டப் பக்கத்தில் ஒரு முகம் வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பெரிய ஆசையா இது?

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் மூன்று மாதம் முன்பே தேதி போட்டுவிட்டேன்: ஜூன் பதினைந்து. இரண்டு காட்டையும் நன்றாகத் தெரிந்த பாக் டின் என்ற வழிகாட்டியைப் பிடித்தது நான். அவர் நம்பரைக் குழுவில் போட்டதும், சாமான் பட்டியலை அவருக்கும் குழுவுக்கும் அனுப்பியதும் நான். காலில் அட்டைப் பூச்சி ஏறாமல் இருக்க முட்டிவரை போடும் துணிக் காலுறை உண்டு. மலாக்கா டவுனில் நாலு கடை ஏறி இறங்கி அதில் நாலு ஜோடி வாங்கினேன். தங்கராஜுவுக்குக் கால் பெரிது என்று அவருக்கு மட்டும் பெரிய அளவு.

அப்புறம் சட்டதிட்டங்கள். இருபத்து மூன்று. சென்ட் கூடாது. பவுடர் கூடாது. சிவப்புச் சட்டை கூடாது. முறுக்கு மாதிரி கடித்தால் சத்தம் வருகிற எதுவும் கூடாது. குடிலுக்குள் பேச்சே கூடாது. கை ஜாடைக்கு ஒரு பட்டியல் தனியாக அனுப்பினேன்.

"அக்கா, தும்மல் வந்தா என்னா ஜாடை?" என்று தங்கராஜு எழுதினார்.

"தும்மல் வராம பாத்துக்குங்க" என்று பதில் போட்டேன். நான் கிண்டல் செய்யவில்லை.

மே மாதக் கடைசியில் முதலில் ஹஃபீஸா கழன்றுகொண்டாள். "அக்கா, முட்டி வலி. ஏற எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மன்னிச்சிருங்க லா." மறுநாள் தங்கராஜு. பேத்திக்குக் காது குத்தாம், அதே தேதியாம். அதற்கு இரண்டு நாள் கழித்து தேவிஸ்ரீ, லீவு கிடைக்கவில்லை என்றாள். நான் சும்மா இருப்பேனா? மூன்று நிமிஷத்துக்குக் குரல்பதிவு போட்டேன். "ஆளாளுக்கு வெளையாட்டா இருக்கா? மூணு மாசமா ஒருத்தி மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கா!" என்று ஆரம்பித்து, பொறுப்பு, மானம், ரோஷம் என்று ஒன்றையும் விடவில்லை. ஹஃபீஸா மட்டும் கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பினாள்.

சரி, ஆளைக் குறைக்கச் சொல்லுவோம் என்று பாக் டின்னைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்; காக் என்றால் அக்கா.

"ஒரே ஆளா, காக்? படகு வெறும் படகா போகுமே. இப்படிச் செய்ங்களேன். உங்களுக்கு ஒரு வாரம் முன்னால, எட்டாம் தேதி, மலாக்காவுல இருந்து மூணு பேர் வர்றாங்க. அவங்களோட சேர்ந்துக்குங்க."

"யாரு?" என்றேன்.

அவர் நிதானமாகப் படித்தார். தங்கராஜு. ஹஃபீஸா. தேவிஸ்ரீ.

"உங்க ஊருக்காரங்க எல்லாரும் நல்லா திட்டம் போடுறீங்க காக். சாமான் பட்டியல் அப்படியே நீங்க அனுப்பினது மாதிரியே இருக்கு. தங்கமான ஆளுங்க. நானே கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேணாம்" என்றேன். "எனக்கு அவங்களைத் தெரியாது."

போனை வைத்த பிறகு முதலில் கோபம்தான் வந்தது. என் பட்டியல், என் வழிகாட்டி, என் காடு! குழுவில் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் எழுதி அழித்தேன். இன்னொரு பக்கம் எழுதி அதையும் அழித்தேன். அப்போது பார்த்து அந்த நீர்நாய் நாள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

போன வருஷம் ஆற்றோரத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் கரையேறியது. சந்தோஷம் தாங்காமல் ஹஃபீஸா "மாஷா அல்லாஹ்!" என்று சத்தம் போட்டுவிட்டாள். நீர்நாய்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டன. அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? சமையக்கட்டுல நிக்க வேண்டியவளுக்கெல்லாம் எதுக்கு கேமரா?" என்று கத்தினேன். அவள் லென்ஸுக்கு மூடி போட்டு, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். தேவிஸ்ரீயை ஒருநாள் சென்ட் வாசம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காடியிலேயே உட்கார வைத்தது, தங்கராஜு எடுத்த படங்களை "குப்பை" என்றது, ஒவ்வொன்றாக வந்து நின்றன. முட்டி வலிக்காரியும் காது குத்துக்காரரும் எதற்குப் பொய் சொன்னார்கள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து அழுதேன். அழுது ரொம்ப நாளாகியிருந்தது, மூக்கெல்லாம் எரிந்தது.

ஜூன் இரண்டாம் தேதி ஞாயிறு வழக்கம்போல ஆற்றோரம் போனேன். மூன்று பேரும் வந்திருந்தார்கள். அன்றைக்கு நான் யாரையும் அதட்டவில்லை. ஹஃபீஸாவின் முட்டி மேட்டில் நன்றாகவே ஏறி இறங்கியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு, பையிலிருந்து மூன்று ஜோடி காலுறையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்தாங்க, உங்களுக்குன்னு வாங்கினது. எனக்கு எதுக்கு நாலு ஜோடி? வச்சிக்குங்க, எப்பயாச்சும் போனா ஒதவும்."

தங்கராஜுவின் கை தே தாரிக் டீ டம்ளரிலேயே நின்றுவிட்டது. தேவிஸ்ரீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க... போறீங்களா?" என்று கேட்டாள் ஹஃபீஸா.

"போறேன். பதினஞ்சாந்தேதி. தனியாத்தான்."

அப்படிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன். 'நாங்க எட்டாந்தேதி போறோம், நீங்களும் வாங்கக்கா' என்று மூன்று பேரில் ஒருவர் சொன்னால் போதும். ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு சட்டம் போடாமல், வாயை மூடிக்கொண்டு பின் சீட்டில் ஏறியிருப்பேன். ரொட்டி வந்தது. எல்லாரும் பிய்த்துச் சாப்பிட்டோம். டம்ளரில் ஆடை படிந்தது.

"பெரிய சைஸ் எனக்கா கா?" என்றார் தங்கராஜு கடைசியில்.

"ஆமா. ஒங்க காலுக்குத்தான்."

"நல்லா இருக்கு லா" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு ஆற்றோரத்தில் நான் மட்டும் நின்றேன். ஒரு நீர்க்காகம் கட்டையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். ஒரு படம் எடுத்தேன், கேமராவைத் திருப்பிப் பார்த்தேன், அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பாக் டின்னிடமிருந்து ஒரு செய்தி. நான் நிரப்பிக் கொடுத்த பாரத்தில், ஏதாவது நடந்தால் கூப்பிட வேண்டிய வாரிசு என்ற இடத்தில் தேவிஸ்ரீ பெயர் இருக்கிறதாம். அந்தப் பெண் இப்போது இன்னொரு குழுவோடு காட்டில் இருக்கிறாள்; அவர்களைத் தெரியாது என்று நான் சொல்லியிருந்ததால், அவர் ஏதோ பெயர்க் குழப்பம் என்று நினைத்துக்கொண்டார். வேறு ஆள் வேண்டும். அதுவும் ஒற்றையாக வருகிறவர் என்றால், அந்த வாரிசோடு போனில் பேசாமல் படகில் ஏற்ற மாட்டார். அது அவர் சொந்தச் சட்டம். சட்டம் போடுகிறவர்களை எனக்குப் புரியும்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா இல்லை, அப்பா இல்லை. அண்ணன் இருந்தார், அவரும் போய் ஆறு வருஷம். அண்ணன் மகள் ஷாந்தினி ஈப்போவில் இருக்கிறாள். அண்ணன் கருமாதியில் அவள் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அவள் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை அடித்தது. பயந்துபோய் நானே வெட்டிவிட்டேன். என் பெயர் அவள் போனில் விழுந்திருக்கும். அன்று முழுக்கப் பார்த்தேன், அவள் திருப்பிக் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா இருக்கிறார். பார்த்தால் சிரிப்போம். அவருக்கு என் பெயர் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

கடைசியில், பெயர் என்ற இடத்தில் குஞ்சம்மா என்று எழுதினேன். என் அம்மா பெயர். உறவு: அக்கா. நம்பர் என்ற இடத்தில், வீட்டுக்கு இணையம் போட்டபோது சும்மா கொடுத்துவிட்டுப்போன அந்த வீட்டுப் போன் நம்பர். டி.வி.க்குப் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடக்கிறது. வந்த மூன்று வருஷத்தில் அது அடித்ததெல்லாம் யாரோ இன்சூரன்ஸ் விற்கத்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அது அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். பாக் டின்னாக இருந்தால் என் குரல் தெரிந்துவிடும் என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அவர் இல்லை. எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் அவர் மகளாம். சின்னப் பெண் குரல், தேன் மாதிரி மலாய்.

"குஞ்சம்மாங்களா? இருசம்மாளுக்கு நீங்க அக்காவா?"

"ஆமாம்மா. ஒரே வீட்லதான் இருக்கோம்."

"நல்லது. அவங்களுக்கு ஏதாவது வியாதி இருக்கா?"

"கொஞ்சம் ரத்தக் கொதிப்பு. மாத்திரை போடுறா. நேரத்துக்குப் போடுவா."

"தப்பா நெனைக்காதீங்க, அப்பா எல்லார்கிட்டயும் இதைக் கேட்கச் சொல்வார். கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க ஆள் எப்படி? காட்டுல சொன்ன பேச்சைக் கேட்பாங்களா?"

என்னைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"வாய் கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றேன். "வெடுக்கு வெடுக்குனு பேசிடுவா. பேசிட்டு அப்புறம் உக்காந்து அழுவா, அது யாருக்கும் தெரியாது. ஆனா கெட்டவ இல்ல. அப்பாகிட்ட சொல்லு, ஏதாவது படம் எடுத்து அவ காட்டினா, கொஞ்சம் நின்னு பாக்கச் சொல்லு."

அந்தப் பெண் சிரித்தாள். "கண்டிப்பா சொல்றேன். காட்டுல குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் முக்கியமானது ஒண்ணு. அவங்க குறிச்ச நாள்ல வெளிய வரலைன்னா இந்த நம்பருக்குத்தான் முதல்ல கூப்பிடுவோம். அந்த அஞ்சு நாளும் நீங்க வீட்ல இருக்கணும். இருப்பீங்களா?"

ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். சோபாமேல் கேமராப் பை திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடி அட்டைக் காலுறை.

"நான் எங்கம்மா போகப் போறேன்?" என்றேன். "வீட்லதான் இருப்பேன்."